அண்ணி சொல்லாத கணக்கு

"அந்த ரிப்போர்ட்டை ஒரு தடவை என் கண்ணுல காட்டினா உங்களுக்கு என்ன குறைஞ்சிடும், அண்ணி?"

விடிந்ததும் விடியாததுமாக நாத்தனார் சமையலறை வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். அண்ணி கணவருக்கான மாத்திரைகளை உரித்துக் கிண்ணத்தில் போட்டுக்கொண்டிருந்தாள்.

அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். கழுத்தில் கோலிக்குண்டு அளவில் தொடங்கிய கட்டி, நிணநீர்ப் புற்றுநோய் என்றும், அதிலும் மிக அபூர்வமான வகை என்றும் தெரிந்தபோது வீடே இடிந்துபோனது. அதில் விதியின் விளையாட்டைப் போல ஒன்று இருந்தது. அவருடைய தங்கைக்கு ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் ஆராய்ச்சிப் பிரிவில் வேலை. இதே நோய் வந்தவர்களின் வயது, ரத்தப் பரிசோதனை, கட்டி பரவிய இடம் எல்லாவற்றையும் சேர்த்து, யார் எவ்வளவு காலம் பிழைத்திருக்கக்கூடும் என்று கணிப்பதுதான் அவள் அன்றாடம் செய்வது.

ஆனால் அண்ணி அவரை அங்கே சேர்க்கவில்லை. ஊரின் மறுகோடியில் இருந்த வேறொரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். ரிப்போர்ட்டுகளை அலமாரியில் பூட்டிவைத்தாள்.

"எங்க ஆஸ்பத்திரி மேல உங்களுக்கு என்ன கோவம்? பெரியம்மாகூட போன்ல கேக்குறாங்க, உன் அண்ணிக்கு மனசுல என்னதான் இருக்குன்னு! அண்ணனுக்கு ஏதாவது ஆச்சுன்னா... அது உங்களாலதான்! நான் மன்னிக்கவே மாட்டேன்!"

தாயில்லாத சிறுமியாகத் தன் கைக்கு வந்தவள், காய்ச்சலில் தன் மடியில் தூங்கியவள், இன்று இப்படிக் கேட்கிறாள். அண்ணியின் கையிலிருந்து ஒரு மாத்திரை நழுவித் தரையில் உருண்டது.

"அவளைத் திட்டாதே... நான்தான் அப்படிச் செய்யச் சொன்னேன்."

சுவரைப் பிடித்துக்கொண்டு அவர் நின்றார். முடி கொட்டிய தலையில் ஒரு துண்டு.

"அண்ணா!"

"தினமும் அந்த நோயாளிங்களைப் பத்திப் படிச்சிட்டு வர்றவ நீ. என் ரிப்போர்ட்டைப் பாத்தா நாள் குறிச்சிடுவ. அப்புறம் என் மூஞ்சியப் பாத்து எப்படிம்மா சண்டை போடுவ? லிஃப்ட்ல ஏறினவன் பேசிக்கிட்டே போகணும்... கயித்தையே பாத்துக்கிட்டு நிக்கக் கூடாது. பழியெல்லாம் உங்க அண்ணி தலையில விழும்னு தெரியும். தெரிஞ்சும் அவகிட்ட சத்தியம் வாங்கினேன். தப்பு என் பேர்லதான்."

அவரைக் கட்டிலில் படுக்கவைத்துவிட்டு நாத்தனார் திரும்பி வந்தாள். குழாயைத் திறந்துவிட்டாள். அழுகைச் சத்தம் உள்ளே கேட்கக் கூடாதே!

"அண்ணி... தெரிஞ்ச வரைக்கும் வச்சு நான் ஏற்கெனவே கணக்குப் போட்டுப் பாத்துட்டேன். வயசு, கட்டி இருக்கிற இடம், எடை குறைஞ்சது... எல்லாம். ரத்தத்துல ஒரே ஒரு அளவுதான் தெரியல. அது சரியா இருந்தா பல வருஷம். இல்லேன்னா..."

"சரியா இல்லம்மா," என்றாள் அண்ணி மெதுவாக. "முதல் நாளே டாக்டர் சொல்லிட்டார். ஒரு வருஷம் தாண்டுறதே கஷ்டமாம்."

"அண்ணனுக்குத் தெரியுமா..?"

"கேக்கவே இல்ல. டாக்டரைப் பாக்க என்னைத்தான் உள்ள அனுப்பினார்."

"இத்தனை மாசமா இதை ஒத்தையா நெஞ்சுல சுமந்துக்கிட்டு... எப்படி அண்ணி சிரிச்சீங்க?"

"நீ வந்து வம்பிழுத்தாத்தான் அவர் ரெண்டு வாய் சாப்பிடுறார். உனக்கும் தெரிஞ்சுட்டா, இந்த வீட்டுல நிஜமா சிரிக்க யார் இருப்பா?"

நாத்தனார் அவள் தோளில் முகம் புதைத்துத் தேம்பினாள். அண்ணி மட்டும் அழவில்லை. மாத்திரைக்கு நேரமாகிவிட்டது என்றாள்.

கணிப்பு பெரிதாகப் பொய்க்கவில்லை. வருஷத்தைத் தாண்டினார்; ஆனால் வெகுகாலம் இல்லை. ஒரு மத்தியானம், தங்கை ஏதோ சொல்ல, பதிலுக்குச் சீண்ட வாயெடுத்தவர், பேசாமலே அடங்கிப்போனார்.

கூடம் நிறைய உறவினர்கள். பெரியம்மா மூக்கைச் சிந்திக்கொண்டே குரலை உயர்த்தினாள்: "சொந்தத் தங்கச்சி வேலை பாக்குற ஆஸ்பத்திரியை விட்டுட்டு எங்கேயோ கொண்டுபோனா... பிள்ளை எப்படிப் பிழைப்பான்?"

மூலையில் கல்லாய் உட்கார்ந்திருந்த அண்ணி தலையைக் குனிந்துகொண்டாள்.

நாத்தனார் எழுந்தாள்.

"பெரியம்மா, போதும்! அங்க போகணும்னு சொன்னதே அண்ணன்தான். இந்த நோய் வந்த எத்தனையோ பேரோட கணக்கைப் பாத்தவ நான். எங்க ஆஸ்பத்திரியிலயும் இதே மருந்துதான். எங்க போயிருந்தாலும் இதான் முடிவு. இதை நான் சொல்றேன்! கடைசி வரைக்கும் எங்க அண்ணன் பயமில்லாம இருந்தார்னா, அவர் பயத்தையும் சேத்து இவங்க வாங்கிக்கிட்டதாலதான். நான் வாய்க்கு வந்தபடி பேசினப்போகூட ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லல..."

குரல் உடைந்தது. அவள் அண்ணியின் அருகே தரையில் உட்கார்ந்து, அந்த முகத்தை இரு கைகளிலும் ஏந்தினாள்.

"இனிமே யாருக்காகவும் அடக்கிக்க வேண்டாம், அண்ணி. அழுதுடுங்க... நான் இருக்கேன்."

அப்போதுதான், நோய் வந்த நாளிலிருந்து முதல்முறையாக, அவள் வாய்விட்டு அழுதாள்.