துளிக்குள் தலைகீழாய்

"கொஞ்சம் நகருறீங்களா? பூ மேல உங்க நிழல் விழுது…"

சின்னி திரும்பாமலே சொன்னாள். ஈரப்புல்லில் குப்புறப் படுத்து, முழங்கைகளை ஊன்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு மஞ்சள் டேலியாவைக் குறி பார்த்துக்கொண்டிருந்தவள் எப்படித் திரும்புவாள்?

"அது என் நிழல் இல்லைங்க. உங்க தொப்பியோட நிழல்," என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

தொப்பியைக் கழற்றினாள். நிழல் போயிற்று. கூடவே கொஞ்சம் மானமும் போயிற்று.

எழுந்து பார்த்தாள். கையில் குடை, தோளில் கேமரா, முழங்கால் இரண்டிலும் சேறு. சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டுக்கொண்டிருந்தான் அவன். உதடு அடங்கியது… கண்கள் அடங்கவில்லை.

வீட்டில் அவளுக்குச் சின்னி என்றுதான் பெயர். செயற்கைப் பல் செய்யும் கூடத்தில் வேலை. மயிரிழை பிசகினாலும் பல் வாயில் பொருந்தாது. அவள் கை பிசகியதே இல்லை. அந்தத் தைரியத்தில்தான் அக்கா கணவரான மாமாவின் பழைய கேமராவைக் கேட்டு வாங்கி, பூவுக்குப் பக்கத்தில் போய் எடுக்கிற லென்ஸையும் மாட்டிக்கொண்டு ஞாயிறு காலையில் பூங்காவுக்கு வந்திருந்தாள். வந்த பிறகுதான் தெரிந்தது, பல் மாதிரி இல்லை பூ. மூச்சு விட்டால்கூட ஆடியது.

அதை அவனிடம் சொன்னபோது, "ஆடற பல்லைப் பிடுங்கிடலாம்… ஆடற பூவை என்ன பண்றது?" என்றான். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மானம் போன கோபம் அப்போதே பாதி கரைந்தது.

அவன் லிஃப்ட் பொருத்துகிறவன். பகலெல்லாம் கட்டடங்களின் இருட்டுக் குழிக்குள் தொங்கிக்கொண்டு வேலை. ஞாயிற்றுக்கிழமையாவது வெளிச்சத்தில் கிடக்கலாமே என்று பூங்காவுக்கு வருகிறானாம். அவனும் கற்றுக்குட்டிதான், அவளைவிடச் சில மாதம் மூத்த கற்றுக்குட்டி. குடையை விரித்துக் காற்றுக்கு மறைப்பாக வைத்தான். லென்ஸைத் திருகித் திருகிப் பார்க்காமல், உடம்பை முன்னும் பின்னும் லேசாக அசைத்துப் பூ தெளிகிற இடத்தில் அழுத்தச் சொன்னான். இவ்வளவு நெருங்கிப் போனால் முழுப் பூவும் தெளிவாக வராது. ஒரு இதழ் விளிம்போ, ஒரு மகரந்தத் தூளோ… எது வேண்டும் என்று நாம்தான் முடிவு பண்ண வேண்டும் என்றான்.

அவள் முடிவு பண்ணினாள். அழுத்தினாள். திரையில் ஒரே ஒரு இதழ் நுனி கத்திமுனைபோல் தெளிந்து நிற்க, மற்றதெல்லாம் மஞ்சள் புகையாக உருகியிருந்தது. அதைப் பார்த்து அவள் கண்கள் விரிந்த விதத்தை அவன் பார்த்துக்கொண்டே நின்றான். அவள் நிமிர்ந்ததும் அவசரமாகக் குடையை மடக்கினான்.

அப்புறம் ஒரு ஞாயிறுகூட இருவரும் தவறவிடவில்லை. கை நடுங்காமல் மூச்சைப் பாதியில் நிறுத்துவது எப்படி என்று அவள் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தாள். ஒரே செடிக்கு இந்தப் பக்கம் அவளும் அந்தப் பக்கம் அவனுமாகப் படுத்துக் கிடப்பார்கள். வீட்டுக்கு வந்தால் அக்கா அவள் சட்டையிலிருந்து புல்லைப் பொறுக்கிப் போட்டுக்கொண்டே, "இன்னிக்கு லிஃப்ட் எத்தனாவது மாடிக்குப் போச்சு?" என்பாள். சின்னி காது கேட்காதவள் மாதிரி உள்ளே போய்விடுவாள்… சிரித்துக்கொண்டே.

நூலகத்துக் கூடத்தில் புதிதாகப் படமெடுப்பவர்களுக்காக ஒரு கண்காட்சி வைத்தார்கள். அவள் டேலியாவும் சுவரில் ஏறியது. அக்காவையும் மாமாவையும் பெருமையாகக் கூட்டிக்கொண்டு போனாள். ஆனால் கூட்டமெல்லாம் அவன் படத்தின் முன்னால்தான். ஒரு வெள்ளை இதழ், அதன் நுனியில் விழப்போகும் ஒரு நீர்த்துளி. அவ்வளவுதான். ஆனால் எல்லோரும் துளிக்கு நேராகக் குனிந்து பார்த்துப் புன்னகைத்தார்கள்.

அக்காவும் குனிந்தாள். "ஏய்… இதுக்குள்ள தலைகீழா படுத்திருக்கறது நீதானே?"

அவளேதான். துளிக்குள் கடுகளவாக அவள் முகம், கன்னத்தில் ஒட்டிய முடி, எதையோ கண்டு மலர்ந்த சிரிப்பு. மாமா வாய்விட்டுச் சிரித்தார். பக்கத்தில் நின்றவர்கள் படத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்கள். அவளுக்கு முகம் பற்றி எரிந்தது.

அவன் வந்ததும் ஓரமாக அழைத்துக் கேட்டாள். எடுக்கும்போது தெரியவில்லை, பெரிதாகப் பிரதி போட்ட பிறகுதான் தெரிந்தது என்றான்.

"தெரிஞ்சதும் என்கிட்ட சொல்லியிருக்கணும்ல? ஊரே பார்த்த அப்புறம்தான் நான் பார்க்கணுமா?"

அதற்கு மேல் நிற்காமல் அவள் கிளம்பிவிட்டாள்.

அடுத்த ஞாயிறு அவள் பூங்காவுக்குப் போகவில்லை. ஜன்னலோரத் தொட்டிச் செடியைப் படம் எடுத்தாள். காற்றே இல்லை, கை நடுங்கவில்லை, எல்லாம் தெளிவாக வந்தது. எதுவும் பிடிக்கவில்லை.

அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "படத்துல நீ இருக்கேன்னு கோபமா, இல்ல அதை அவர் உன்கிட்ட முதல்ல சொல்லலைன்னு கோபமா?"

சின்னி கேமராவை உறையில் போட்டு மூடினாள். மறுநாள் வேலை முடிந்ததும் தனியாக நூலகத்துக்குப் போனாள். யாரும் பக்கத்தில் இல்லாமல் அந்தத் துளியை ஒரு தடவை பார்க்க வேண்டும் போலிருந்தது.

சுவரில் ஆணி மட்டும்தான் இருந்தது. அன்றைக்கு அவள் போன கையோடு அவன் படத்தைக் கழற்றிக்கொண்டு போய்விட்டானாம். முதல் பரிசு அந்தப் படத்துக்குத்தான் என்று சொல்லியும் கேட்கவில்லையாம். "படத்துக்குள்ள இருக்கறவங்களைக் கேட்காம மாட்டினது தப்பு" என்று மட்டும் சொன்னானாம் என்றார் நூலகக்கார அம்மா.

வாசலில் நின்றே போன் செய்தாள்.

"படம் எங்க?"

"வீட்ல… சுவரைப் பார்த்துத் திருப்பி வெச்சிருக்கேன்." கொஞ்சம் தயங்கினான். "கேக்காம நான் மட்டும் பார்க்கறதும் தப்புதானே?"

அவளுக்கு ஏனோ கண் கலங்கியது… சிரிப்பும் வந்தது. ஞாயிற்றுக்கிழமை எடுத்துக்கொண்டு வரச் சொன்னாள்.

ஞாயிறு காலையில் தூறல். பூங்காவில் ஈ காக்கை இல்லை. அவன் குடையைப் படத்துக்குப் பிடித்தபடி முழுக்க நனைந்து நின்றிருந்தான். அவளைக் கண்டதும், மனப்பாடம் செய்து வந்ததை ஒப்பிக்க ஆரம்பித்தான்.

"உங்ககிட்ட காட்டணும்னு தினமும் நினைச்சேன். காட்டினா, நான் உங்களை எப்படிப் பார்க்கறேன்னு தெரிஞ்சுடும். அந்தப் பயத்துல சும்மா இருந்துட்டேன். அது தப்பு."

அவள் படத்தைச் சுற்றியிருந்த அட்டையைப் பிரித்துத் துளியை நிதானமாகப் பார்த்தாள். தன் முகம் இவ்வளவு சந்தோஷமாக இருந்ததை அவள் கண்ணாடியில்கூடப் பார்த்ததில்லை.

"சரி, இப்போ கேளுங்க," என்றாள்.

"இதை… மாட்டலாமா?"

"மாட்டலாம். உங்க வீட்ல மட்டும். அடுத்தது கேளுங்க."

தூறல் வலுத்து, ஒரு மழைத்துளி அவன் இமையில் தொங்கியது. துடைக்கக்கூடத் தோன்றவில்லை அவனுக்கு.

"எனக்கு உங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு. உங்களுக்கு… என்னை?"

"மழையில வந்து நிக்கிறேனே, தெரியலையா?"

"தெரிஞ்சாலும் கேட்டுடறது நல்லது. ஒருதடவை பட்டது போதும்."

அவள் குனிந்துகொண்டாள். "பிடிச்சிருக்கு," என்றாள். மழை இரைச்சலில் அவனுக்கு எங்கே கேட்காமல் போய்விடுமோ என்று நிமிர்ந்து, கண்ணைப் பார்த்து, இன்னொரு தடவையும் சொன்னாள்.

"அப்போ வாங்க. வாசல்ல அக்காவும் மாமாவும் கார்ல உக்காந்திருக்காங்க. என்ன ஆச்சுன்னு தெரியாம நகர மாட்டாங்களாம்."

அவன் பதறிப்போய்த் தலையைக் கோதினான், சேறு அப்பிய கால்களைப் பார்த்தான். "இந்தக் கோலத்துலயா?"

"இந்தக் கோலத்துலதான்," என்று அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தாள் சின்னி.