ரெயினை விட்டவளும் கடைசிக் காரும்

"ஐயோ, கவனம்!"

ஜெனாட் கத்துவதற்குள் முன்னால் நின்றவன் திரும்பிவிட்டான். அவன் தோளில் கிடந்த பனிச்சறுக்குக் கட்டைகளும் சேர்ந்து திரும்பின. கட்டையின் நுனி அவள் கையில் அடுக்கியிருந்த இரண்டு அலுமினியத் தட்டுகளில் மேலதில் மோதியது. மூடியிருந்த தாள் கிழிந்து, மரக்கறி ரோல்ஸ் இரண்டு தரையில் உருண்டன.

"சொறி... சொறி..." என்று குனிந்தவன், ரோல்ஸைக் கண்டதும் தமிழுக்கு மாறினான். "தமிழோ?"

"ரோல்ஸைப் பார்த்துத்தான் ஆளைக் கண்டுபிடிப்பீங்களோ?"

அவன் நிமிர்ந்தான். அந்தக் கண்கள்... சிரிக்கலாமா என்று அனுமதி கேட்டு நிற்பவை போல இருந்தன. ஜெனாட் பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள். கோபப்பட வேண்டிய நேரத்தில் இதென்ன...

யூனியன் ஸ்ரேசனுக்குப் பக்கத்தில் ஒரு வாடகைக் கார்க் கந்தோர். சனிக்கிழமை காலை. கண்ணாடிக்கு வெளியே பனி அவசரமில்லாமல் விழுந்துகொண்டிருந்தது.

பனிச்சறுக்குப் பயணத்துக்கு ரெயினா, வாடகை வானா என்று கோயில் பங்கு இளைஞர் மன்றம் இரண்டு கிழமையாக வாக்குவாதப்பட்டது. பனி வீதியில் வான் வேண்டாம், ரெயின்தான் பத்திரம் என்று பேசி வென்றவள் ஜெனாட். கடைசியில் அந்த ரெயினைத் தவறவிட்டவளும் அவளேதான். ரோல்ஸ் பொரித்து முடியப் பிந்திவிட்டது. மற்றப் பன்னிரண்டு பேரும் பாரி நகருக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அங்கிருந்து மலைக்கு பஸ் பதினொரு மணிக்கு. அடுத்த ரெயினில் போனால் அது கிடைக்காது.

தவக்காலம் வேறு. பன்னிரண்டு பேருமே நாற்பது நாளுக்கு இறைச்சி விட்டவர்கள். மலையடிவாரக் கன்ரீனில் பேர்கரை விட்டால் வேறொன்றும் இராது.

மேசையில் இருந்த பெண் கைவிரித்தாள். இன்றைக்கு மிச்சம் ஒரே ஒரு கார். அதையும் இவர் எடுத்துவிட்டார்.

ஜெனாட்டின் முகம் வாடியதை அவன் பார்த்தான்.

"எங்க போகோணும்?"

"பாரிக்கு. பன்னிரண்டு பேற்ற சாப்பாடு என்ர கையில இருக்கு."

"நானும் அந்த மலைக்குத்தான் போறன். வாங்கோ, ஏத்திக்கொண்டு போறன்."

"தெரியாத ஆளின்ர காரில நான் ஏற மாட்டன்."

அவன் கோபிக்கவில்லை. கொஞ்சம் யோசித்தான். "அப்ப காரை நீங்க ஓடுங்கோ. நான் பக்கத்தில இருக்கிறன். பிடிக்காட்டி வழியில இறக்கி விடுங்கோ, நடந்து வாறன்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

இரண்டாவது சாரதியாகப் பதிய வேண்டுமென்று மேசைப்பெண் லைசென்ஸை வாங்கினாள். குடும்பம் அகதியாக வந்திறங்கிய நாளில் எழுதியபடி அதில் தகப்பன் பெயர்தான் முன்னுக்கு நிற்கும். "சூசைப்பிள்ளை..." என்று அவள் தட்டுத்தடுமாறி வாசித்தாள்.

கையெழுத்து வைத்துக்கொண்டிருந்த அவனுடைய பேனா ஒரு கணம் நின்றது. பிறகு மெதுவாக எழுதி முடித்தான்.

"அது அப்பான்ர பேர். நான் ஜெனாட்," என்றாள் வெட்கத்தோடு.

"நான் கிளிபோட்," என்று காரின் திறப்பை அவள் உள்ளங்கையில் வைத்தான்.

நெடுஞ்சாலையில் பனி வெள்ளைத் துணி போல விரிந்து கிடந்தது. அவள் காரை ஊர விட்டாள். அவன் ரோல்ஸ் தட்டுகளை மடியில் குழந்தை மாதிரி வைத்திருந்தான்.

"நல்லா ஓடுறீங்கள். பின்னால வாறவைக்குத்தான் வயசு போகுது."

"வாயை மூடிக்கொண்டு தட்டைப் பிடியுங்கோ. தனிய வாறதுக்கு ரெயின்ல வந்திருக்கலாமே?"

"கிழமையில அஞ்சு நாள் ரெயினுக்குள்ளதான் இருக்கிறன். நிலத்துக்குக் கீழ சப்வே ரெயின் ஓடுறன். ஒரு நாளாவது வானத்தைப் பார்த்துக்கொண்டு போகோணும் எண்டு ஆசை."

ஜெனாட்டின் நெஞ்சுக்குள் ஏதோ தைத்தது.

ஐப்பசியில் மரியம்மா அன்ரி ஒரு கலியாணப் பேச்சுக் கொண்டுவந்திருந்தார். இக்னேசியஸின்ர மகன், சப்வே ஓடுறவர். பையனின் பெயரைக்கூட ஜெனாட் கேட்கவில்லை, படத்தையும் பார்க்கவில்லை. "நிலத்துக்குக் கீழ வேலையோ? எலிக்கோ பெண் கேக்கினம்?" என்று தொலைபேசியில் சிரித்தாள். அந்தச் சிரிப்பு அப்படியே மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்விட்டதாம்...

சப்வே ஓடுகிறவர்கள் எத்தனையோ பேர். இவராக இருக்காது...

அப்போது காரின் ஸ்பீக்கர் மணியடித்துத் தானாகவே பேசத் தொடங்கியது. வரைபடம் பார்க்க அவனுடைய போனை இணைத்திருந்தார்கள்.

"கிளிபோட், அம்மா கதைக்கிறன். நாளைக்குப் பூசை முடிய ஏஜாக்ஸ் ஆக்கள் வருகினம். நல்ல பிள்ளையாம். ஓம் எண்டு சொல்லிப்போடு, ராசா. அந்தச் சூசைப்பிள்ளையின்ர மகள் எலி எண்டு சொன்னதை இன்னும் மனசில வச்சிருக்காதை!"

மடியில் இரண்டு தட்டுகள். அவனால் எட்டிப் பொத்தானை அமுக்க முடியவில்லை. "அம்மா... பிறகு எடுக்கிறன்... வையுங்கோ!"

ஜெனாட் வீதியிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டாள்.

"நான் ஆர் எண்டு உங்களுக்கு... தெரியுமோ?"

"லைசென்ஸில பேர் வாசிக்கேக்க தெரிஞ்சது."

"அப்ப ஏன் திறப்பைத் தந்தனீங்கள்?"

"பன்னிரண்டு பேற்ற சாப்பாடு கையில இருக்கு எண்டு சொன்னீங்களே. அதுக்கும் இதுக்கும் என்ன?"

மன்னிப்புக் கேட்க வேண்டும்.  அதற்கு அவளுடைய கௌரவம் விடவில்லை.

மலையடிவாரத்தில் மன்றத் தலைவி றோசலின் கண்ணைச் சிமிட்டினாள். "ரெயின்தான் பத்திரம் எண்டு எங்களை ஏத்திப்போட்டு, நீ ஆளோட கார்ல வாறாய் என்ன?"

"போடி, பேசாமல் இரு!"

அந்தப் பகல் முழுக்க ஜெனாட்டின் கண்கள் அவனையே தேடின. கன்ரீன்காரரிடம் கெஞ்சி ரோல்ஸைச் சூடாக்கி வாங்கி வந்தவன் அவன். கையுறை தொலைத்த மன்றத்து மரியோவுக்குத் தன்னுடையதைக் கழற்றிக் கொடுத்தவனும் அவன்தான். சாப்பிட முன்னர் எல்லோரையும் போலச் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டான். சிறு சரிவில் அவள் தொப்பென்று விழுந்தபோது, சிரிக்காமல் ஊன்றுகோலை நீட்டினான். அந்தக் கோலைப் பிடித்து எழுந்தபோது அவள் முகம் சிவந்தது... குளிரால் அல்ல.

ஒருவரை நோகடிக்க அரை நிமிடம் போதும். அதை ஒப்புக்கொள்ள மனிதருக்கு எத்தனை மணித்தியாலம் வேண்டியிருக்கிறது! நாளைக்கு அவன் யாருக்கோ ஓம் சொல்லிவிடுவான். அதன் பிறகு வார்த்தை வந்தென்ன, வராவிட்டால் என்ன? மாதாவே, இன்றைக்கே என் வாயைத் திறந்து விடும்...

பின்னேரம் மூன்றரைக்கு ரெயினடிக்குப் போகும் பஸ் வந்தது.

"ஜெனாட், ஏறு! ரிக்கெற் இருக்குது," என்றாள் றோசலின்.

ஜெனாட் ஒரு காலைப் படியில் வைத்தாள். பிறகு எடுத்துவிட்டாள். "நீங்கள் போங்கோ!"

கிளிபோட் கார்க் கண்ணாடியில் உறைந்த பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தான்.

"எலி எண்டு சொன்னது நான்தான்," என்றாள் அவள்.

"தெரியும்."

"தெரிஞ்சாலும் நான் என்ர வாயால சொல்லோணும். உங்களைக் காணாமலே, வேலையைக் கேட்டுச் சிரிச்சனான். பெரிய பிழை. உங்கட அம்மாட்டையும் மன்னிப்புக் கேப்பன்."

"இதுக்கோ பஸ்ஸை விட்டனீங்கள்? பரவாயில்லை, நான்..."

"நான் இன்னும் முடிக்கேல்லை!" அவள் அவனை இடைமறித்தாள். "நாளைக்கு நீங்கள் அவையளுக்கு ஓம் சொன்னா... எனக்குத் தாங்காது. இதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனாலும் சொல்லாமல் போக ஏலாமல் கிடக்கு."

அவன் இமைகளில் பனி ஒட்டியிருந்தது. துடைக்க மறந்து அவளையே பார்த்தான்.

"காலமை வரைக்கும் எனக்குக் கோவம் இருந்தது," என்றான் மெதுவாக. "பாதி வழியில அது எங்கேயோ இறங்கிப் போயிட்டுது. நாளைக்கு ஆருக்கும் ஓம் சொல்ல என்னாலயும் ஏலாது, ஜெனாட். உங்களிட்டச் சொல்லத்தான் துணிவு வரேல்லை."

அவன் போனை எடுத்தான்.

"பொறுங்கோ," என்று அவள் அவன் கையைப் பிடித்துவிட்டாள். "அந்த ஏஜாக்ஸ் பிள்ளைக்கு மனம் நோகாமல் சொல்லோணும். நான் செய்த மாதிரிச் செய்யாதேங்கோ."

அவன் தலையசைத்தான். பிடித்த கையை அவள் எடுக்கவில்லை, அவனும் விடவில்லை.

"அம்மா... நாளைக்கு வாற ஆக்களிட்ட மன்னிப்புக் கேட்டு, வரவேண்டாம் எண்டு சொல்லோணும். பிள்ளையில ஒரு குறையும் இல்லை, காரணம் நான்தான் எண்டு சொல்லுங்கோ."

"என்னடா இது? ஏன்?"

கிளிபோட் அவள் கண்களைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"எனக்குப் பிடிச்சவ இப்ப என்ர பக்கத்தில நிக்கிறா, அம்மா."