கரமனை கடைசி வீட்டுத் தலைக்கணக்கு

உடைந்த தேங்காய்ச் சிரட்டையால் வாசல் கதவைச் சுரண்டிக்கொண்டிருந்தாள் நாகலக்ஷ்மி. விரல் நுனி கிழிந்து ரத்தம் வந்தது. நிறுத்தவில்லை. தாரில் எழுதிப்போன வீட்டு நம்பரில் பாதி போய்விட்டது. மீதியையும் அழித்தாக வேண்டும், அந்த ஆள் தெருமுனை திரும்புவதற்குள்.

திரும்பிவிட்டார்.

"அம்மா! என்ன காரியம் செய்யுதிய? சர்க்கார் நம்பராக்கும் அது!"

கோலப்பன், நாகர்கோவில்காரர். கரமனையில் பள்ளிக்கூட வாத்தியார். முப்பத்தொன்றாம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்குக்காக இந்த அக்ரகாரத் தெருவை அவர் தலையில் கட்டியிருந்தார்கள். கக்கத்தில் காகிதக் கட்டு, கையில் மைக்கூடு, கண்ணில் சந்தேகம்.

சந்தேகத்துக்குக் காரணம் இருந்தது. ஆற்றங்கரைப் பக்கம் வசூரி அம்மை போட்டிருந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் பயந்துபோய் வீட்டைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். போகாதவர்களில் சிலர் நோயாளியை உள்ளே ஒளித்து வைத்திருந்தார்கள். தெரிந்தால் ஊருக்கு வெளியே கொட்டகைக்குத் தூக்கிப்போய்விடுவார்களே!

"உள்ளே யாருக்கம்மா வசூரி?"

"ஐயோ, அதெல்லாம் ஒண்ணுமில்லை ஸார்."

"பின்னே நம்பரை எதுக்குச் சுரண்டுதிய?"

அவள் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். வாசலுக்கும் கூடத்துக்கும் நடுவே ரேழி இருண்டு கிடந்தது. வெளியே உச்சி வெயில். உள்ளே மட்டும் அந்த இருட்டு.

"எங்காத்துக்காரர் பொன்முடிக்குப் போயிருக்கார். எஸ்டேட் கூலிக்காரா லயங்களிலே தலை எண்ணற டியூட்டி. வெள்ளிக்கிழமை வந்துடுவார். அதுவரைக்கும் இந்த வீட்டை விட்டுடுங்கோ."

"இன்னைக்குத்தான் கடைசி நாள். வீட்டுக்காரர் பேரு பலகையிலே இருக்கு, கல்யாணராமன். ஒங்க பேரு?"

"நாகலக்ஷ்மி."

"பிள்ளைங்க?"

"ஒரே பொண்ணு. ஒம்பது வயசு."

"பேரு?"

அவள் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை.

"சொல்லப்படாது ஸார். மாமியார் தவறின வருஷம் பொறந்தவ. அவா பேரையே வெச்சுட்டோம். மாமியார் பேரை நான் எந்த வாயாலே சொல்றது? அம்மாளுன்னுதான் கூப்பிடறது. அப்படியே எழுதிடுங்கோ."

கோலப்பன் சிரித்துவிட்டார். "இந்தத் தெருவிலே தடுக்கி விழுந்தா ஒரு அம்மாளு! செல்லப் பேரை எழுதிக் கொண்டுபோனா, ஸூப்பர்வைசர் கிழிச்சு என் மூஞ்சியிலே எறிவாரு. பிள்ளையைக் கூப்பிடுங்க. அதுவே சொல்லட்டும்."

"கோயில் விளக்குக்கு எண்ணெய் கொண்டுபோயிருக்கா. சித்த இருங்கோ, வந்துடுவா. உள்ளே இருக்கறவகிட்டே மட்டும் கேட்டுடாதீங்கோ."

வாய் தவறிவிட்டது.

"ஆக, உள்ளே ஆளு உண்டு. அல்லே?"

நாகலக்ஷ்மி சிரட்டையைக் கீழே போட்டாள். குரல் காற்றாக இறங்கியது.

"மூத்தவ ஒருத்தி இருந்தா ஸார். ஏழு வயசு. பத்து வருஷம் முன்னே, போன கணக்கெடுப்புக்கு முதல் நாள் படித்துறையிலே முழுகிப் போயிட்டா. மறுநாள் எழுத வந்தவர்கிட்டே எங்காத்துக்காரர் மனசு கேக்காம அவளையும் இருக்கறதாச் சொல்லிட்டார். வந்தவரும் எழுதிண்டு போயிட்டார். அன்னியிலேருந்து அவ போகலை. ரேழியிலே ஈரக்கால் பதியறது. இருக்கான்னு எழுதினவளைப் போன்னு சொன்னாப் போவாளா? என் அம்மாளு பேர் இன்னும் எந்தக் கணக்கிலேயும் ஏறலை. இந்தத் தடவை அவ பேர் ஏறணும். மூத்தவ முந்திண்டு பேர் குடுத்துட்டா, என் குழந்தைக்கு இந்த வீட்டிலே இடம் இருக்காது."

நல்ல கதை என்று நினைத்தார் கோலப்பன். அம்மை கண்ட பிள்ளையை மறைக்க, இதைவிட நல்ல கதை கிடைக்காது.

அப்போதுதான் அந்த வாடை வந்தது.

பாசி வாடை. ஆற்றுச் சேற்றின் வாடை. வேப்பிலை வாசமோ மஞ்சள் வாசமோ இல்லை. ரேழியிலிருந்து குளிர்ந்த காற்று ஒன்று அவர் முழங்காலைத் தொட்டுவிட்டுப் போனது.

இருட்டில் ஒரு பாவாடை ஓரம்.

அப்புறம் ஒரு முகம். நெற்றியில் ஒட்டிய ஈரத் தலைமயிர். தழும்பில்லை, கொப்புளமில்லை. தலை குளித்துவிட்டு நிற்கிறது, அவ்வளவுதான்! கோயிலுக்குப் போயிருக்கிறாளாம்!

கோலப்பன் ஒரு காலை நிலைப்படிக்கு உள்ளே வைத்தார். "பயப்படாதே குட்டி. ஒன் பேரைச் சொல்லு."

"யார்கிட்டே பேசறேள்?" நாகலக்ஷ்மி அலறினாள். "வேண்டாம் ஸார்! எழுதாதீங்கோ!"

காகிதத்தைப் பிடுங்கப் பாய்ந்தாள். அவர் தோளைத் திருப்பிக்கொண்டார்.

உள்ளேயிருந்து பேர் வந்தது. நீருக்கடியிலிருந்து வருவதுபோல.

எழுதினார்.



காகிதத்துக்காக நீண்டிருந்த நாகலக்ஷ்மியின் கைகள் தாமாகத் தாழ்ந்தன. சிவந்திருந்த முகம் தெளிந்தது. எதற்காக வாசலுக்கு வந்தோம் என்று யோசிப்பவள்போல நின்றாள். ரத்தம் கசியும் விரலை ஆச்சரியமாகப் பார்த்தாள்.

"வெயிலிலே வந்திருக்கேளே. மோர் கொண்டுவரட்டுமா ஸார்?"

கோலப்பன் நிலைப்படிக்குள் வைத்த காலை வெளியே எடுத்தார்.

தெருவில் கொலுசுச் சத்தம். காலி எண்ணெய்க் கிண்ணத்தைச் சுழற்றியபடி ஒரு சிறுமி ஓடி வந்தாள்.

"அம்மா! குருக்கள் மாமா பிரசாதம் குடுத்தார். பாதியை நான் தின்னுட்டேன்!"

நாகலக்ஷ்மி அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"யார் வீட்டுக் குட்டி நீ? அம்மை போட்டிருக்கற தெருவிலே இப்படித் திரியலாமா? உங்கம்மா தேட மாட்டாளா?"

சிறுமி சிரித்தாள். விளையாட்டென்று நினைத்துவிட்டாள். அம்மா சிரிக்காததைக் கண்டதும் அவள் சிரிப்பும் நின்றது.

"அம்மா… நான் அம்மாளு."

"பொண்ணே," என்றார் கோலப்பன். "ஒன் நிசப் பேரென்ன?"

"நீலாம்பாள்."

அவர் எழுதிய பேர் அது இல்லை. மைக்கூடு அவர் கையிலிருந்து நழுவிப் படியில் உடைந்தது.

"அம்மா, இதுதான் ஒங்க பிள்ளை! நல்லாப் பாருங்க!"

"நன்னாயிருக்கே!" நாகலக்ஷ்மி சிரித்தாள். "எனக்கு ஒரே பொண்ணுன்னு சொன்னேனே. இப்போதானே அவ பேரை எழுதினேள்?"

அவளுடைய புடவைத் தலைப்பைப் பின்னாலிருந்து ஒரு சிறிய கை பிடித்திருந்தது. தலைப்பிலிருந்து நிலைப்படியில் தண்ணீர் சொட்டியது.

அவர் எழுதிய எழுத்தில் மை இன்னும் காயவில்லை. அந்தப் பேரை அந்தத் தாய் கொஞ்சமும் தயங்காமல் சொன்னாள்.

"ஜெயலக்ஷ்மி."