காயாத வரிசை

மன்னார்குடியில், ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டர் ஜெக்கரியாவின் வீட்டுக்குப் பேராசிரியை வானதி தன் மாணவி ஒருத்திக்காக உதவி கேட்டு வந்தார்.

இளங்கலைத் தாவரவியல் மாணவி சுடர்விழிக்குக் கோடைகால ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்திருந்தது. தண்ணீர் இல்லாமல் எந்த நெல் தாங்கும் என்பது ஆய்வு. கல்லூரி வலைக்குடிலில் ஒரு வரிசைத் தொட்டிகளுக்குத் தண்ணீர் உண்டு. மறு வரிசைக்குச் சொட்டும் கிடையாது. காய வேண்டிய அந்த வரிசை காயவில்லை. வானதி கேட்டதுமே, தானே ஊற்றியதாகச் சுடர்விழி சொல்லிவிட்டாள். ஏமாற்றியவள் என்று உதவித்தொகை தருபவர்களுக்கு எழுதி அனுப்பினால் இனி எந்த ஆய்வகமும் அவளைச் சேர்க்காது.

"ஒப்புக்கிட்டாள்ல, அப்புறம் என்ன மேடம்?" என்றாள் ஷோபனா. ஜெக்கரியாவின் அண்ணன் மகள். துப்பறிவதில் அவரைவிட வேகம்.

"அவ அப்படிப்பட்ட புள்ள இல்லங்க. அதான் வந்தேன்."

மூவரும் வலைக்குடிலுக்குப் போனார்கள். பூட்டு சேதமில்லை. தண்ணீர் பாயும் வரிசையில் மண்மேல் உப்புப் பூத்திருந்தது. காயாத வரிசையில் செம்மண் நிறத்தில் மெல்லிய வண்டல். அந்த வரிசையில் மட்டும் களை பறித்து, வேர் வெயிலைப் பார்க்கத் தொட்டி விளிம்பில் கவிழ்த்து வைத்திருந்தது.

உதவித்தொகை கிடைக்காத யாரோ பொறாமையில் செய்த வேலை என்று ஷோபனா அடித்துச் சொன்னாள்.

"கெடுக்க வந்தவன் களை பறிப்பானாம்மா?" என்றார் ஜெக்கரியா.

மதியம் சுடர்விழியின் அப்பா இராஜாங்கம் வழக்கம்போல் சோற்று கேரியரோடு வந்தார். பையில் ஒரு பெரிய பாட்டிலும் இருந்தது. மகள் வேப்பமரத்தடியில் சாப்பிட உட்கார, அவர் குடிலுக்குள் போனார்.

ஜெக்கரியா மரத்தடிக்கு வந்து தணிந்த குரலில் சொன்னார்: "நீ ஊத்தலம்மா. ஏமாத்த நினைச்சவ பக்கத்துக் குழாயைத் திறந்திருப்பா. குழாய்ல வர்றது போர்வெல் தண்ணி, உப்புப் பூக்கும். இதுல செவப்பா வண்டல் படிஞ்சிருக்கு, வாய்க்கால்ல வந்த புதுத்தண்ணி. களையை வேர் மேல பாக்கக் கவுத்து வைக்கிறது வயல்ல நின்ன கை. உன்னைத் தவிர தினமும் உள்ள போறவர் ஒருத்தர்தான்."

அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

"போன வருஷம் கடைமடைக்குத் தண்ணி வரல சார். எங்க சம்பா மொத்தமும் கருகிப்போச்சு. அப்பா தினமும் வரப்புல போயி நின்னுட்டு வருவாரு. என் ஆய்வைத் தானே கெடுத்துட்டோம்னு அவருக்குத் தெரிஞ்சா தாங்க மாட்டாரு. சொல்லிடாதீங்க."

ஏமாற்று என்று எழுதப்போவதில்லை, தற்செயலாக நீர் பட்டு ஆய்வு பாழானது என்றே எழுதுவேன் என்றார் கூட நின்ற வானதி. பெயர் தப்பியது. ஆனால் மறுபடி விதைத்துக் காயவிட நாளில்லை. இந்த வருட உதவித்தொகை அவ்வளவுதான்.

இராஜாங்கம் காலி பாட்டிலோடு வெளியே வந்தார். ஜெக்கரியாவைப் பார்த்து வெட்கத்தோடு சிரித்தார்.

"புள்ள படிப்பு மும்முரத்துல ஒரு வரிசையை மறந்துடுதுங்க. பயிரு சுருளுறதைப் பாத்துக்கிட்டு நிக்க முடியல. இப்ப பொழச்சிடுச்சுல்லங்க?"

ஷோபனா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"பொழச்சிடுச்சுங்க" என்றார் ஜெக்கரியா.