மீசை வைத்த முயல்

துப்பறிவாளருக்குத் தெரிந்தவர்கள் வைத்திருந்த பெயர் நிதானம். அவருக்கு உதவியாளர் அவருடைய மனைவியின் தம்பி; அவருக்கு வைத்த பெயர் அவசரம். இரண்டு பெயரும் சும்மா வரவில்லை. படியில் செருப்புச் சத்தம் கேட்டாலே, "கொலைதான் அத்தான்" என்று எழுந்து நிற்பவர் அவசரம். நாற்பது வயது தாண்டியும் அவருக்கு அந்த ஆசை விடவில்லை.

அன்று வந்தவர் நேராக உள்ளே நுழைந்து, நிதானம் தண்ணீர் எடுக்க எழுந்த நேரமாகப் பார்த்து, அவருடைய நாற்காலியிலேயே உட்கார்ந்துகொண்டார். பச்சைச் சட்டை, பச்சை விளிம்பு போட்ட கண்ணாடி, இரண்டு முனையும் மேல்நோக்கி முறுக்கிய மீசை. கையில் ஒரு பற்பசைப் பெட்டி.

"மானம் போச்சு சார்," என்றார். "இதைப் பாருங்க."

பெட்டியின்மேல் ஒரு முயல் சிரித்துக்கொண்டிருந்தது. கழுத்தில் பச்சை ரிப்பன். வாயில் ஒற்றைப் பல். பல்லுக்கு மேலே கம்பீரமான ஒரு மீசை.

"குழந்தைங்க பற்பசை சார் இது. சாம்பிள் பெட்டி நேத்து அச்சகத்துலருந்து நேரா பற்பசைக் கம்பெனிக்குப் போயிருச்சு. மீட்டிங்ல எல்லார் முன்னாடியும் பிரிச்சிருக்காங்க."

அவர் ஒரு டிசைன் ஆபீசின் முதலாளி. அங்கே வேலை செய்யும் மூன்று பேரும் ஒரே படத்தை அவரவர் கம்ப்யூட்டரிலிருந்து வரைந்தும் திருத்தியும் வந்தார்கள். ஒரு காலத்தில் 'ஃபைனல்', 'புது ஃபைனல்', 'இதுதான் ஃபைனல்', 'சத்தியமா ஃபைனல்' என்று ஒரே முயல் பல பெயரில் உலவி, எது நிஜ முயல் என்று யாருக்கும் தெரியாமல் போனது. அதற்காகத்தான் புதிதாக ஒரு வெர்ஷன் சாஃப்ட்வேர் வாங்கினார்கள்.

"இதுல எந்த மாத்தமும் அழியாது சார். ஒவ்வொரு பழைய வெர்ஷனும் உள்ளேயே இருக்கும். யார் கைவெச்சாலும் அவங்க பேர் விழும். எல்லாத்துக்கும் மேல இருக்கறதை அச்சகம் எடுத்துக்கும்."

"மேல யார் பேர் விழுந்திருக்கு?" என்று கேட்டார் நிதானம், நின்றபடியே.

"முயலை வரைஞ்ச டிசைனர் பேர். முந்தாநாள் மதியம், சாப்பாட்டு நேரத்துல. நாளையிலருந்து வேலைக்கு வராதீங்கன்னு சொல்லப் போறேன். ஆனா அந்தம்மா அப்போ தங்களோட மாடியில சாப்பிட்டுக்கிட்டிருந்தாங்கன்னு மத்த ரெண்டு பேரும் சாதிக்கிறாங்க. கூட்டுக் களவாணிங்க. நீங்கதான் வந்து அந்தப் பொய்யை உடைக்கணும்."

"வெளி ஆள் யாரும் வந்திருக்க முடியாதா?"

"வாய்ப்பே இல்ல. கீழே நான் காவல் மாதிரி உக்காந்திருந்தேன். ஒரு ஈ காக்கா உள்ள வரல."

"அந்த சாஃப்ட்வேர்ல உங்களுக்குப் பாஸ்வேர்டு உண்டா?"

"எனக்கெதுக்கு சார்? அதெல்லாம் வேலை செய்யறவங்களுக்கு."

படியிறங்கும்போது அவசரம் காதோடு சொன்னார். "அந்தம்மா மாடியில உக்காந்து போன்லயே வேலையை முடிச்சிருக்காங்க அத்தான். கேஸ் முடிஞ்சுது."

"முடியட்டும் மாப்பிள்ளை. முடிஞ்ச கேஸை ஒரு எட்டு நேர்லயும் பார்த்துட்டு வந்துடுவோம்."

ஆபீஸ் சுவர்களும் பச்சைதான். நடுச் சுவரில், பற்பசைக் கம்பெனி ஒப்புக்கொண்ட முயலின் படம் ஒட்டியிருந்தது. அதற்குச் சிவப்பு ரிப்பன், இரண்டு பல். மீசை இல்லை. அவசரம் பெட்டியை அதன் அருகே பிடித்துப் பார்த்தார்.

"மீசையோட விடல அத்தான். ரிப்பனையும் மாத்தி, ஒரு பல்லையும் பிடுங்கியிருக்காங்க. என்ன வன்மம்."

"முதல்ல பச்சைதான் சார் இருந்தது," என்று முதலாளி பெருமூச்சு விட்டார். "அது எனக்கு உயிர். கம்பெனிக்காரங்கதான் சிவப்பு வேணும்னுட்டாங்க."

"ஒத்தைப் பல்லு முயலை வெச்சு யாராவது பற்பசை விப்பாங்களான்னும் கேட்டாங்க," என்றார் படங்களுக்கு நிறம் போடுகிறவர்.

டிசைனர் முப்பது வயதுப் பெண். அழுது முடித்த முகம். "படம் முடிஞ்சு வேற வேலைக்குப் போயிட்டோம் சார். அப்புறம் நாங்க யாரும் அதைத் திறக்கவே இல்ல. நான் வரைஞ்சது கடைக்கு வர்றது இதுதான் முதல் தடவை. என் பொண்ணு வகுப்புல எல்லார்கிட்டயும் எங்கம்மா வரைஞ்ச முயல்னு சொல்லி வெச்சிருக்கா. அதை நானே கெடுப்பேனா?"

"சாப்பிடப் போறப்ப கம்ப்யூட்டரைப் பூட்டிட்டுப் போனீங்களா?"

"இங்க யாரும் பூட்டற வழக்கம் இல்ல சார்."

"சரி. மீசையை வரைஞ்சது யாரு?"

டிசைனர் தலை குனிந்துகொண்டார். நிறம் போடுகிறவர் தரையைப் பார்த்தார். மூன்றாமவரான வாசகம் எழுதுகிறவர் மின்விசிறியைப் பார்த்தார். மூன்று பேரில் ஒருவர்கூட முதலாளியின் முகத்தைப் பார்க்கவில்லை.

"இந்த மீசையை எங்கேயோ பார்த்த மாதிரியே இருக்கு அத்தான்," என்றார் அவசரம்.

"நீங்க கொஞ்ச நேரம் வாயைத் திறக்காதீங்க மாப்பிள்ளை."

நிதானம் முயலின் வரலாற்றைத் திரையில் காட்டச் சொன்னார். ஒவ்வொரு மாற்றத்துக்கும் பக்கத்தில் பெயரும் காரணமும் இருந்தன. டிசைனர் காரணத்தைக் கதை மாதிரி எழுதுகிறவர். 'காதைச் சற்றுச் சாய்த்தேன், நேராக இருந்தால் முயல் பயந்ததுபோல் இருக்கிறது' என்று ஒரு இடத்தில் இருந்தது. மற்ற இருவரும் அவரைப் பார்த்து அப்படியே எழுதப் பழகியிருந்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலே, டிசைனர் பெயரில், முந்தாநாள் மதிய மாற்றத்துக்குக் காரணமாக ஒரே ஒரு புள்ளி மட்டும் இருந்தது.

"காரணம் இல்லாம அது விடாது சார்," என்றார் வாசகம் எழுதுகிறவர். "எதையாவது தட்டியே ஆகணும்."

நிதானம் திரையைக் கீழே நகர்த்திக்கொண்டே போனார். டிசைனரின் முகம் வெளுத்ததைக் கண்டதும் நிறுத்திவிட்டார். பிறகு எல்லோரையும் உட்காரச் சொன்னார்.

"மீசை வைக்கணும்னு வந்தவர் மீசையை வெச்சுட்டுப் போயிருப்பார். ரிப்பனையும் பல்லையும் எதுக்குத் தொடணும்? மூணும் ஒரே நேரத்துல மாறியிருக்கு. அப்படின்னா அன்னிக்கு யாரும் எதையும் வரையல. பச்சை ரிப்பனும் ஒத்தைப் பல்லுமா இருந்த பழைய வெர்ஷன் மேல வந்திருக்கு. அந்தப் பழசுலயே மீசை இருந்தது. இல்லையாம்மா?"

"விளையாட்டா வரைஞ்சது சார். மறுநாளே எடுத்துட்டேன்."

"எடுத்தாலும் பழசு உள்ளேயே இருக்கும். அதை மேல கொண்டுவந்தது நீங்க இல்ல. நீங்களா இருந்தா காரணம் ஒரு பக்கத்துக்கு இருந்திருக்கும். இங்க எழுதற வழக்கமே தெரியாத யாரோ ஒரு புள்ளியைத் தட்டிட்டுத் தாண்டிப் போயிருக்கார். அவருக்கு அந்தப் பச்சை ரிப்பன் மேல ஆசை. சொந்தமா பாஸ்வேர்டு கிடையாது. எந்த நாற்காலி காலியா இருந்தாலும் உக்காந்துடுவார். சாப்பாட்டு நேரத்துல இந்த ரூம்ல தனியா இருந்தவர்."

அவசரம் பாய்ந்து வாசகம் எழுதுகிறவரின் கையைப் பிடித்தார்.

"கையை விடுங்க மாப்பிள்ளை."

விட்டார். மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்த திசையில் அவரும் பார்த்தார். முதலாளி உட்கார்ந்திருந்தது டிசைனரின் நாற்காலியில்.

"நான் சும்மா பார்க்கத்தான் பார்த்தேன்," என்றார் முதலாளி. குரல் பாதியாகிவிட்டது. "பழசைக் கொண்டுவரவான்னு கேட்டுது. கொண்டுவந்தாத்தானே பார்க்க முடியும்னு ஆமான்னேன். என்னமோ எழுதச் சொல்லிச்சு. எதையோ தட்டினேன்."

"மீசை கண்ணுல படலையா?"

"ரிப்பனைத்தான் சார் பார்த்தேன். அவ்வளவு அழகா இருந்தது."

அவசரத்துக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் முதலாளி அதற்குள் சுதாரித்துவிட்டார். "சரி, தப்பா அமுக்கிட்டேன். அதுக்காக என் ஆபீஸ்ல உக்காந்து முயலுக்கு மீசை வரையறது என்ன வேலை? அது யார் மீசை?"

இப்போதுதான் காப்பாற்றிய டிசைனரின் வேலை மறுபடி அந்தரத்தில் தொங்கியது. அவசரத்துக்கு அந்தக் கணத்தில்தான் எல்லாம் விளங்கியது. வாயைத் திறந்தார். நிதானம் அவர் காலை மிதித்தார்.

முதலாளிக்குக் கோபம் வந்தால் மீசையை முறுக்குவது பழக்கம். கை தானாக மேலே போனது. பெட்டியைப் பார்த்தபடியே முறுக்கினார். பாதியில் விரல் நின்றுவிட்டது.

டிசைனர் எழுந்து நின்றார். "நான்தான் சார் வரைஞ்சேன். முறுக்கு ரொம்ப நல்லா வந்துருச்சு. உடனே அழிக்க மனசு வரல. தப்புதான்."

முதலாளி பெட்டியைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோனார். நெடுநேரம் பார்த்தார்.

"இடது பக்கம் கொஞ்சம் தாழ்ந்திருக்கே."

"நிஜத்துலயும் அப்படித்தான் சார் இருக்கு."

முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு, தமக்கும் ஒரு பாஸ்வேர்டு போட்டுத் தரச் சொன்னார். போட்டுக் கொடுத்தார்கள். எந்த இடத்தில் அமுக்க வேண்டும் என்று டிசைனரையே கேட்டுக் கேட்டு, சிவப்பு ரிப்பன் கட்டிய இரண்டு பல் முயலை மேலே கொண்டுவந்தார். பற்பசைக் கம்பெனிக்குத் தாமே போன் செய்து பேசுவதாகவும் சொன்னார். திரை காரணம் கேட்டு நின்றது.

முதலாளி யோசித்தார். பிறகு ஒற்றை விரலால் எழுத்தைத் தேடித் தேடித் தட்டினார். வலப்பக்கத்தில் அவருடைய சொந்தப் பெயர் விழுந்தது. இடப்பக்கத்தில் காரணம் ஒவ்வொரு எழுத்தாக வர, பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்துப் படித்தார்கள்.

'தவறு என்னுடையது. மீசையும்.'