அறுநூற்று நாற்பதுக்குப் பிறகு

"தனிய இருக்கப் பயமில்லையே, பிள்ளை?"

வேலைக்குச் சேர்ந்த நாளில் சண்முகநாதன் மாஸ்ரர் யசிந்தாவிடம் கேட்ட ஒரே கேள்வி அதுதான். ஏன் பள்ளிக்கூடத்தை விட்டாய் என்றுகூட அவர் கேட்கவில்லை. இல்லையென்று தலையாட்டினாள். ஒன்றரை வருடமாக அந்தத் தலையாட்டல் உண்மையாகத்தான் இருந்தது.

நல்லூரில் ஓர் ஒழுங்கைக்குள் இருந்த மாஸ்ரரின் அலுவலக வீட்டின் பின்னறையில், கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களின் பெயர்களைப் பதிவதற்கென்று ஒரு கொம்பியூற்றர் இருந்தது. விமானத்துக்குப் பயந்து யன்னல்களுக்குக் கறுப்புக் கடதாசி ஒட்டியிருந்தார்கள். ஊரில் மின்சாரம் நின்று இரண்டு வருடமாகிவிட்டது. பின்வளவில் கதிரவேலு அண்ணை மண்ணெண்ணெய் ஊற்றி ஜெனரேற்றரை ஓட்டினால்தான் அந்தப் பெட்டிக்கு உயிர் வரும்.

அன்று மத்தியானம் உயிர் வந்தது. ஆனால் அது விழிக்கவில்லை.

உள்விசிறி சுழன்றது. பச்சை விளக்கு எரிந்தது. பெட்டி தன் நினைவகத்தை எண்ணிப் பார்க்கும் எண்கள் திரையின் மூலையில் வழக்கம்போல ஓடி அறுநூற்று நாற்பதில் நின்றன. அதற்குப் பிறகு ஒரு கூவல் கேட்க வேண்டும். பெட்டிக்குள்ளே தட்டு கறகறத்து எழும்ப வேண்டும். ஒன்றுமில்லை. சின்னக் கோடு ஒன்று மட்டும் இமைத்துக்கொண்டு நின்றது.

"என்ன தங்கச்சி, உம்மடை துரை இன்னும் நித்திரையோ?" என்றார் வாசலில் நின்ற கதிரவேலு.

"எழும்புறார் இல்லை, அண்ணை."

"மண்டையிலை நாலு குட்டுப் போடும். என்ரை மனுசி என்னை அப்பிடித்தான் எழுப்புறவ." சிரித்தபடி சைக்கிளை எடுத்தார். "நான் சாப்பிட்டிட்டு வாறன். ஒரு போத்தல்தான் ஊத்தியிருக்கு. மூண்டு மணிக்கு உறையை நான் கப்பலுக்குப் போற ஆக்களிட்டைக் குடுக்கோணும். மாத்திறதெண்டால் அதுக்குள்ளை மாத்தும். இல்லாட்டி நேற்று அடிச்சதுதான் போகும்."

சைக்கிளின் கறள் சங்கிலிச் சத்தம் ஒழுங்கை முடிவில் தேய்ந்து போனது.

உறை மேசையில் கிடந்தது. அதற்குள் இரண்டு பட்டியல்கள் இருந்தன. முதலாவது, காணாமற்போனோர்; உறை கப்பலேறிப் போனதும் அவர்களைச் சிறைகளிலும் முகாம்களிலும் தேடுவார்கள். இரண்டாவது, இறந்தோர், அவர்களை யாரும் தேட மாட்டார்கள். அவளுடைய அண்ணன் அடைக்கலநாதன் பதினாலு மாதமாக முதலாவதில்தான் இருந்தான். இரண்டாவதில் பெயர் ஏறினால் ஆன்ம இளைப்பாற்றிப் பூசை கொடுக்கலாம், அம்மாவும் கறுப்பு உடுத்து ஒருக்கால் அழுது முடிப்பாள் என்று நினைத்து, நேற்று யாரிடமும் சொல்லாமல் அவன் பெயரை யசிந்தாதான் இரண்டாவதுக்கு மாற்றினாள். இன்று விடியக் கடிதம் வந்தது. அவனோடு ஒரே வள்ளத்தில் போன செபநாயகம் அக்கரையில் ஒரு முகாமில் உயிரோடு இருக்கிறான்.

மூன்று மணிக்குள் இந்தப் பெட்டி எழும்ப வேண்டும்.

பிளொப்பி உள்ளே மறந்து கிடந்தால் இப்படி நிற்கும். பார்த்தாள், இல்லை. விசைப்பலகையின் வயரைக் கழற்றி மாட்டினாள். நிறுத்தி, நூறு எண்ணி, மறுபடி போட்டாள். எண்கள் ஓடின. நின்றன. கோடு இமைத்தது. பிறகு நிறுத்திவிட்டு மூடியைக் கழற்றி, மாஸ்ரர் காட்டித் தந்தபடி உள்ளேயிருந்த மின்சுற்று அட்டையை மெல்ல உருவி, அதன் பொன்னிறப் பற்களை அழிறப்பரால் தேய்த்தாள். எப்போதும் கறுப்பு ஊத்தைதான் ஒட்டும். இன்று வெள்ளையாக ஏதோ ஒட்டியது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள்.

உப்பு.

குனிந்தபோது பெட்டிக்குள்ளிருந்து மணம் வந்தது. சூடான தூசியும் ஈயமும் கலந்த பழகிய மணமல்ல. நெடுநாள் நனைந்த கயிறும் பாசியும் அழுகிய சாதாளைக் கடற்புல்லுமாக, குருநகர்க் கரையில் மாரி காலத்தில் ஒதுங்கும் அந்த மணம், கடல் தெரியாத இந்த அறையின் கறுப்பு யன்னல்களுக்குள் கனத்து நின்றது. அட்டையைத் திரும்பச் செருகினாள். மின் ஆளியைப் போட்டாள்.

எண்கள் ஓடின. அறுநூற்று நாற்பது.

அறுநூற்று நாற்பத்தொன்று.

அந்தப் பெட்டியில் அதற்கு மேல் எண்ணுவதற்கு எதுவுமில்லை. நாற்பத்திரண்டு. நாற்பத்துமூன்று. மெதுவாக, யாரோ யோசித்து யோசித்து எண்ணுவதுபோல. உள்ளே தட்டு அசைந்தது. கறகறப்பு இல்லை. மரத்தில் மரம் மோதும் சத்தம். டொக். நெடிய இடைவெளி. டொக்.

பின்வளவில் ஜெனரேற்றர் இருமியது. இருமி நின்றது.

ஒழுங்கை முழுக்க உச்சி வேளையின் அமைதி. நாய்கூடக் குரைக்கவில்லை. கூரையில் தொங்கிய மின்குமிழ் அணைந்திருந்தது. பச்சை விளக்கு அணையவில்லை. விசிறி சுழன்றது.

எண்கள் மறைந்தன. திரைக் கண்ணாடியில் அறை தெரிந்தது. அவள் முகம். அவள் கதிரை. அதற்குப் பின்னால் ஓர் ஆள்.

அவன் இடுப்புச் சாரத்திலிருந்து நீர் சொட்டியது. சத்தமில்லாமல்.

திரும்பிப் பார்த்தாள். அறை வெறுமை. தரை காய்ந்து கிடந்தது.

கண்ணாடியில் அவன் இன்னும் கிட்ட வந்திருந்தான்.

"அண்ணை," என்றாள். "நான் தெரியாமல் செய்திட்டன். இப்ப மாத்திறன். உங்கடை பேரை இப்ப மாத்திறன்."

விசைகளை அழுத்தினாள். அவன் பெயரை எழுத்தெழுத்தாக. கோடு அசையவில்லை. கண்ணாடியில் ஊறி வெளுத்த கை ஒன்று அவள் தோளில் விழுந்தது. தோளில் பாரம் இல்லை. குளிர் இல்லை. ஒன்றுமே இல்லை.

கண்ணாடிக்குள் இருந்த யசிந்தா எழுந்தாள்.

இவள் எழவில்லை. கதிரையின் கைகளை இறுகப் பிடித்தபடி இருந்தாள். கண்ணாடியில் இருவரும் கை கோத்து வாசலைத் தாண்டினார்கள். கதிரை மட்டும் தெரிந்தது.

வெறுங் கதிரை.

முகத்தைத் திரையோடு ஒட்டினாள். கையை ஆட்டினாள். கறுப்பு யன்னல் தெரிந்தது. கதவு தெரிந்தது. அவள் இல்லை.

வெளியே சைக்கிள் சங்கிலி. செருப்புச் சத்தம். கதவு திறந்தது.

"கதிரவேலு அண்ணை!"

அவர் அறையைச் சுற்றிப் பார்த்தார். கதிரையைப் பார்த்தார். அவள் கண்களுக்கு ஊடாகச் சுவரைப் பார்த்தார்.

"உறையைக் கொண்டு போகாதையுங்கோ. அண்ணை, நான் இஞ்சை இருக்கிறன்!"

மூக்கைச் சுளித்தார். மேசைக்கு வந்து, அவள் நீட்டிய கைக்குள்ளால் கைவிட்டு உறையை எடுத்தார். ஆளியை நிறுத்தினார். வெளியே போய்க் கதவை இழுத்துப் பூட்டினார்.