படுகளத்து மண்

சித்திரை வெயிலில் கால், தொடை, வயிறு எல்லாம் வெளுத்து வெடித்துக் காய்ந்துவிட, நெஞ்சில் மட்டும் ஈரம் போகவில்லை. பாரிவாக்கம் திரௌபதி அம்மன் கோயில் மைதானத்தில் முப்பதடி நீளத்துக்கு மல்லாந்து கிடந்த துரியோதனனைச் சுற்றி வந்த திருவேங்கடம், நெஞ்சருகே மறுபடி நின்றான். ஆவடி தொழிற்சாலையில் ஷிப்ட் பார்க்கிறவன். பாரத விழாவின் கடைசி நாளுக்கு லீவு போட்டு இந்த மண் உருவத்தைச் செய்வது பத்து வருடமாக அவன்தான். சாம்பிராணிப் புகைக்கும் ஏரிச் சேற்று வாடைக்கும் அடியில் இன்னொரு நாற்றம் வந்தது. தூங்குகிறவன் வாய் நாற்றம்.

உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். ஈரத்துக்குள் காய்ச்சல்காரன் உடம்பைப் போல ஒரு சூடு. கை மெல்ல மேலே ஏறியது. மெல்ல இறங்கியது.

"இன்னா மாமே, ஒரு மாரியா கீறே?" என்றான் டிராக்டரில் மண் கொண்டுவந்த சுலைமான்.

"மண்ணு எங்க எடுத்தே?"

"ஏரிலதான். எப்பவும் எடுக்கிற எடம்."

திருவேங்கடம் பந்தலுக்கு ஓடினான். அவன் தம்பி பரந்தாமன் பீமன் வேஷத்தில் முகத்துக்குச் சிவப்பு தீட்டிக்கொண்டிருந்தான். போன தையில்தான் அவனுக்குக் கல்யாணம். மனைவி வசந்தா முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

"டேய், இந்த வருசம் மேல ஏறாத. கீழ நின்னே தொடைய அடி."

"மேல ஏறி ஆடலன்னா ஜனம் சும்மா உடுமா?"

"மண்ணு மூச்சு உடுதுடா."

தம்பி சிரித்தான். "வெயில்ல நின்னுகினே கீறே. போய் மோர் குடிண்ணே."

மேளம் எழுந்தது. பரந்தாமன் கதாயுதத்தைச் சுழற்றிக்கொண்டு ஓடினான். தடுக்கப்போன திருவேங்கடத்தை விழாக்காரர்கள் இருவர் பிடித்து இழுத்தார்கள். அருள் வந்துவிட்டது என்று நினைத்து ஒருத்தி அவன் நெற்றியில் திருநீறு அப்பினாள்.

தொடையில் அடி விழுந்தது. கூட்டம் குலவையிட்டது. பரந்தாமன் தொடையிலிருந்து வயிற்றுக்குத் தாவினான். நெஞ்சுக்கு. முகத்துக்கு.

உதட்டின்மேல் நின்றான்.

திருவேங்கடம் மூடி வைத்த உதடு அது. பிரிந்தது.

ஒரு கால் இறங்கியது. பிறகு முழங்கால். பிறகு இடுப்பு. கைதட்டல். விசில். மேளக்காரன் வேகம் கூட்டினான். இது புதுக் கூத்து என்று நினைத்தார்கள். வசந்தாவும் கைதட்டினாள்.

"அண்ணே!"

அந்தக் குரல் அவனுக்கு மட்டும் கேட்டது. சிவப்பு முகம். கிரீடம். விரல்கள். அப்புறம் ஒன்றுமில்லை.

ஜனம் பாய்ந்தது. களத்து மண் வீட்டுக்கு நல்லது என்று கையால் தோண்டி, துண்டிலும் முந்தானையிலும் அள்ளியது. கால் போயிற்று. தொடை போயிற்று. பிடித்திருந்தவர்களை உதறிவிட்டுத் திருவேங்கடம் தலைப் பக்கம் ஓடினான், மண்டியிட்டான், உதட்டைப் பிளக்க நகத்தால் பிறாண்டினான். கல்லாக இறுகியிருந்தது.

அதற்குக் கீழே, யாரும் இன்னும் தொடாத களிமண் தொண்டை மெதுவாக ஒருமுறை மேலே ஏறி இறங்கியது.